சிங்கப்பூர் நீரிணை மாடலில் திறந்த எல்லைக் கோளாறுகள்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பது

"அக்கா, ரன் வெடிச்சிடுச்சு" என்று, அதாவது எண்கள் கட்டுமீறி எகிறி மாடல் நின்றுவிட்டது என்று, யாராவது செய்தி அனுப்பினால் நான் முதலில் கேட்பது, "எல்லையிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி?" என்பதைத்தான். கட்டம் என்பது மாடல் கடலைப் பிரித்து வைத்திருக்கும் சிறு பெட்டிகளில் ஒன்று. இங்கே கடல் மாடல் ஓட்டப் பழகும் நம் பிள்ளைகள் பலர், அடித்தள உராய்வையும் பாகுநிலையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்த பிறகே திறந்த எல்லையின் (மாடல் முடிந்து வெளிக்கடல் தொடங்கும் கோட்டின்) பக்கம் திரும்புகிறார்கள். சிங்கப்பூர் நீரிணையைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

அதற்குக் காரணம் இந்த இடத்தின் அமைப்பு. அந்தமான் கடலிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக வரும் ஓதம் பெரும்பாலும் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். கிழக்கே தென்சீனக் கடலில் நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஓதம் வலுவானது. இரண்டும் நம் வாசலில் சந்திக்கின்றன. நீரிணையின் நீளம் சுமார் 100 கி.மீ., அகலம் பொதுவாகச் சொல்லும் கணக்கில் 16 கி.மீ. இந்தக் குறுகிய வழியில் நீரை முன்னும் பின்னும் ஓட்டுவது இரு முனைகளின் நீர்மட்ட வித்தியாசம். மாடலில் அந்த இரு முனைகளையும் எல்லைத் தரவாக எழுதிக் கொடுப்பது நாம்தான். அங்கே சில சென்டிமீட்டர் பிசகினாலும் நடுவில் ஓட்டம் மாறிவிடும்.

ரோம்ஸ், டெல்ஃப்ட்3டி என்ற இரண்டு கடல் மாடல் மென்பொருள்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நீமோ, எஃப்விகாம் ஓட்டுபவர்களுக்கு ஆப்ஷன்களின் பெயர் மாறும், காரணங்கள் மாறாது.

எதையும் திருத்தும் முன் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு எல்லையிலிருந்தும் ஒன்று, ஐந்து, இருபது கட்டம் தள்ளிச் சில புள்ளிகளைத் தேர்ந்து, நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு எல்லை வழியாகவும் உள்ளே வெளியே போகும் மொத்த நீரையும் எழுத வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதும் வழக்கமான வெளியீட்டில் எல்லைக் கோளாறு பாதி மறைந்துபோகும். அப்புறம் ஒரு எளிய ரன்: காற்று இல்லை, ஆறு இல்லை, ஒரே அடர்த்தி, எல்லையில் எம்2 ஓதம் (நிலவால் நாளுக்கு இருமுறை வரும் முதன்மைக் கூறு) மட்டும். அது சரியாக ஓடினால் கே1 (நாளுக்கு ஒருமுறை வரும் கூறு), பிறகு மற்ற ஓதக் கூறுகள், பிறகு தாய் மாடலின் (நமக்கு எல்லைத் தரவு தரும் பெரிய மாடலின்) நீர்மட்டம், கடைசியாக உப்பும் வெப்பமும். எந்தப் படியில் கெடுகிறதோ, காரணம் பெரும்பாலும் அந்தப் படியில் புதிதாகச் சேர்த்ததில் இருக்கும்.

அறிகுறி: தொடங்கிய உடனே வெடிக்கிறது

மிகப் பெரிய வேகம் வந்த கட்டத்தைக் கண்டுபிடியுங்கள். அது எல்லையிலோ மூலையிலோ இருந்தால், முதலில் எல்லைக் கோப்பிலுள்ள எண்களின் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் அச்சிட்டுப் பாருங்கள். தாய் மாடலில் நிலப்பகுதியைக் குறிக்கும் பிரம்மாண்டமான எண் இடைச்செருகலில் (தாய் மாடலின் எண்களிலிருந்து நம் கட்டங்களுக்கு இடைமதிப்பு எடுப்பதில்) கசிந்து வந்திருக்கலாம். அதைவிட ஆபத்து, நிலத்தைப் பூஜ்யமாக நிரப்பியிருப்பது. மாடல் வெடிக்காது. எல்லையில் உப்பு 30லிருந்து 15க்கு இறங்கி, பொய்யான அடர்த்தி வித்தியாசத்தால் ஓர் ஓட்டம் பிறக்கும். உலகளாவிய தாய் மாடல்கள் பல 1/12 பாகைக் கட்டம் கொண்டவை. நம் அட்சரேகையில் அது சுமார் 9 கி.மீ., அதாவது நீரிணையின் குறுக்கே இரண்டு கட்டம்கூட முழுதாக இல்லை. இங்கே இந்தக் கசிவு ஏறக்குறைய நிச்சயம் நடக்கும். நிலத்தை அருகிலுள்ள கடல் மதிப்பால் நிரப்பிவிட்டு, அதன் பிறகு இடைச்செருகுங்கள்.

ரோம்ஸில் எல்லை நிபந்தனைகளை எழுதும் வரிசை மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு. மேற்கு, கிழக்கு என்று பழக்கத்தில் எழுதினால் மூடியிருக்க வேண்டிய பக்கம் திறந்துவிடும். இதை ஒருமுறை விரல் வைத்துப் படித்துவிடுங்கள்.

அடுத்து ஆழம். தாய் மாடலில் எல்லையின் ஆழம் 20 மீ., நம்முடையதில் 40 மீ. என்றால், வேகத்தை அப்படியே எடுத்தால் உள்ளே வரும் நீர் இரண்டு மடங்காகிவிடும். எல்லையை ஒட்டிய சில கட்டங்களில் நம் ஆழத்தைத் தாய் மாடலின் ஆழத்தோடு மெதுவாகக் கலந்துவிடுங்கள். அது முடியாவிட்டால், வேகத்துக்குப் பதிலாகப் பாய்வைப் பொருத்தி, நம் ஆழத்தால் வகுத்து எழுதுங்கள். ஓதத்தை முதல் நொடியிலேயே முழு வீச்சில் கொடுக்க வேண்டாம், ஒன்றிரண்டு நாளில் படிப்படியாக ஏற்றுங்கள்.

அறிகுறி: உண்மையில் இல்லாத சில மணி நேர அலைவு, அடங்காமல் தொடர்கிறது

இதற்கு ஒரு கணக்கு போட்டால் போதும். 30 மீ. ஆழத்தில் நீண்ட அலையின் வேகம், ஆழத்தை 9.81ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், வினாடிக்கு சுமார் 17 மீ. 100 கி.மீ. நீள மாடலை அது கடக்க ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இரு முனைகளும் ஒரே விதமாக அலையைத் திருப்பி அனுப்பினால் அலைவின் காலம் சுமார் 3.2 மணி. ஒரு முனை கரையாகவும் மறுமுனை நீர்மட்டம் கட்டிப்போட்ட எல்லையாகவும் இருந்தால் சுமார் 6.5 மணி. உங்கள் மாடலின் நீளத்தையும் சராசரி ஆழத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். பதிவில் தெரியும் அலைவின் காலம் அதோடு பொருந்தினால், வாளித் தண்ணீர் அலம்புவது போல மாடலுக்குள்ளேயே அலை மாட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லையில் நீர்மட்டத்தை மட்டும் இறுக்கிக் கட்டியிருந்தால், உள்ளிருந்து வெளியேற வேண்டிய அலைக்கு அது சுவராகிவிடுகிறது. நீர்மட்டம், வேகம் இரண்டையும் கட்டினால் தேவைக்கு அதிகமான நிபந்தனை, அதுவும் பிரதிபலிக்கும். ரோம்ஸில் வழக்கமான தீர்வு, நீர்மட்டத்துக்கு சாப்மன், ஆழச் சராசரி வேகத்துக்கு ஃப்ளாதர் என்ற எல்லை நிபந்தனைகள். இரண்டும் அலையை வெளியே போக விடும். டெல்ஃப்ட்3டியில் நீர்மட்ட எல்லைக்கு அல்பா என்ற பிரதிபலிப்பு அளவுரு இருக்கிறது. பூஜ்யமாகவே விட்டுவிட்டால் எல்லை கடினமாக இருக்கும். ரீமான் வகை எல்லை இன்னொரு வழி, ஆனால் அதற்கு வேகமும் நீர்மட்டமும் ஒன்றுக்கொன்று ஒத்த தரவாக வேண்டும்.

ஃப்ளாதர் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது. மாடலின் நீர்மட்டம் வெளித் தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அதை ஒரு காரணியால் பெருக்கி வேகத்தில் சேர்க்கிறது. அந்தக் காரணி 9.81ஐ ஆழத்தால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். 30 மீ. ஆழத்தில் 10 செ.மீ. விலகல் வினாடிக்கு 5.7 செ.மீ. வேகமாகும், 1 மீ. ஆழத்தில் அதுவே 31 செ.மீ. ஆகும். ரியாவ் தீவுகளை ஒட்டிய ஆழமற்ற மேடுகளின் குறுக்கே எல்லைக் கோடு போனால், அந்த ஓரக் கட்டங்கள் ஏன் துள்ளுகின்றன என்பது இதிலிருந்தே தெரியும். அங்கே கட்டங்களை நிலமாக மூடிவிடுங்கள், இல்லையென்றால் கோட்டை நகர்த்துங்கள்.

அறிகுறி: ஓதத்தின் வீச்சோ கட்டக்கோணமோ தப்பு

அளவீட்டு நிலையங்களில் ஓதக் கூறுகளைப் பிரித்து, மாடலையும் அளவீட்டையும் ஒப்பிட்டு அட்டவணை போடுங்கள். அந்த அட்டவணையிலேயே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்.

எல்லா நிலையங்களிலும் எம்2 கட்டக்கோணம் (ஓத அலை உச்சம் தொடும் நேரத்தைப் பாகையில் சொல்வது) சுமார் 232 பாகை, எஸ்2 (சூரியனால் நாளுக்கு இருமுறை வருவது) 240, கே1 120, ஓ1 (நிலவால் நாளுக்கு ஒருமுறை வருவது) 112 என்று விலகியிருந்தால், அல்லது 360லிருந்து அவற்றைக் கழித்த எண்கள் வந்தால், ஒரு பக்கம் உலக நேரத்திலும் மறுபக்கம் சிங்கப்பூர் நேரத்திலும் இருக்கிறது. எட்டு மணி நேர வித்தியாசத்தின் கைரேகை இது. பழைய பதிவுகளை எடுப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். 1982 ஜனவரி 1 முதல்தான் சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னே இருக்கிறது. அதற்கு முன் ஏழரை மணி. அந்த அரை மணி எம்2 கட்டக்கோணத்தில் 14.5 பாகை.

விலகல் நிலையத்துக்கு நிலையம் மாறினால் நேரம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. கட்டக்கோணத்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறோமா என்று பாருங்கள். வேகத்தில் மட்டும் தப்பு என்றால், நீரிணைக்கு இணையாகத் திருப்பி வரைந்த கட்ட வலைக்கு ஏற்ப, கிழக்கு-வடக்கு வேகங்களைச் சுழற்றினீர்களா என்று பாருங்கள்.

வீச்சு மட்டும் விலகினால் 18.6 ஆண்டு நிலாச் சுழற்சித் திருத்தத்தைச் சோதியுங்கள். பலர் இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். எம்2 மட்டும் ஆளும் கடலில் அது உண்மைதான், அங்கே மாற்றம் 4 விழுக்காட்டுக்குள். ஆனால் கே1 சுமார் 11 விழுக்காடும் ஓ1 சுமார் 18 விழுக்காடும் மாறும். நம் கடலில் இவை இரண்டும் பெரியவை. 2025ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இந்தச் சுழற்சியில் கே1, ஓ1 உச்சம். இந்த ஆண்டுகளைத் திருத்தமில்லாமல் ஓட்டினால் ஓ1 ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவாகவும், எம்2 கொஞ்சம் கூடுதலாகவும் வரும். 2015ஐ ஒட்டி ஓட்டினால் தலைகீழ்.

எல்லையைக் குறை சொல்லும் முன் ரன்னின் நீளத்தையும் பாருங்கள். கே1ஐ பி1இலிருந்து (காலத்தில் அதற்கு மிக நெருங்கிய, நாளுக்கு ஒருமுறை வரும் இன்னொரு கூறு) பிரிக்க சுமார் 183 நாள் தேவை. பி1 கே1இல் மூன்றில் ஒரு பங்கு. எனவே 30 நாள் பதிவில் கிடைக்கும் "கே1" ஜூனிலும் டிசம்பரிலும் வீங்கியும் மார்ச்சிலும் செப்டம்பரிலும் இளைத்தும் தெரியும். மாடலையும் அளவீட்டையும் ஒரே நாட்களில், ஒரே கூறுகளால் பிரித்து ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

ஆழ வரைபடத்தின் ஆதாரமட்டமும் இங்கே வரும். கடல் வரைபட ஆழங்கள் சராசரிக் கடல்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டருக்கும் கீழே உள்ள மட்டத்திலிருந்து அளந்தவை. திருத்தாமல் போட்டால் 30 மீ. ஆழத்தில் 5 விழுக்காடு பிழை, 5 மீ. மேட்டில் 30 விழுக்காடு.

அறிகுறி: நீர்மட்டம் அழகாகப் பொருந்துகிறது, ஓட்டம் மட்டும் தப்பு

இந்த அறிகுறிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தஞ்சோங் பகாரில் நீர்மட்டக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டன என்று படம் போட்டு, "மாடல் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். நம் நீரிணையில் அது போதாது. சிங்கப்பூரில் நீர்மட்டத்தை ஆள்வது பெரும்பாலும் நாளுக்கு இருமுறை ஓதம். நீரிணையின் ஓட்டத்திலோ நாளுக்கு ஒருமுறைக் கூறு மிகவும் வலுவாக இருக்கும். நீர்மட்டம் ஓர் இடத்தின் விஷயம், ஓட்டம் இரு முனைகளின் வித்தியாசம். ஆகவே கே1, ஓ1 எல்லையில் கொஞ்சம் பிசகினாலும் நீர்மட்டப் படத்தில் அது பெரிதாகத் தெரியாமல் போகும், ஓட்டத்தில் பெரிதாக வெடிக்கும். எண்ணெய்க் கசிவு எங்கே போகும், மிதக்கும் பொருள் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று அந்த மாடலை நம்பிச் சொல்லப்போகிறவர்களுக்கு ஓட்டம்தான் முக்கியம்.

செய்ய வேண்டியது: ஒரு நிலையத்தை மட்டும் பார்க்காமல், கிழக்கு வாயிலில் பெட்ரா பிராங்காவின் ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கம், மேற்கே சுல்தான் ஷோல் என இரு முனைகளின் நீர்மட்டத்தையும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்த தொடரை ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசத்தின் கே1தான் ஓட்டத்தின் கே1ஐத் தீர்மானிக்கிறது. ஓட்ட அளவீடு கையில் இல்லாதபோதும் இந்தச் சோதனையைச் செய்ய முடியும் என்பது இதன் பெரிய நன்மை. வித்தியாசம் பொருந்தவில்லை என்றால் இரு எல்லைகளின் ஓதத் தரவும் ஒரே மூலத்திலிருந்து வந்ததா என்று பாருங்கள். மேற்கே ஓர் உலக ஓத மாடல், கிழக்கே ஒரு துறைமுக அட்டவணை என்று கலந்து தைத்த எல்லைகள் அடிக்கடி இப்படித்தான் காலை வாரும்.

இதே நோயின் இன்னொரு முகம் நிலையான ஓட்டம். ஓதத்தை வடிகட்டிய பிறகும் நீர் ஒரே பக்கம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால், இரு எல்லைகளின் சராசரி நீர்மட்டங்களைப் பாருங்கள். 100 கி.மீ. நீளத்தில் 10 செ.மீ. சாய்வு, 30 மீ. ஆழம், உராய்வுக் கெழு 0.0025, ஓத ஓட்டம் வினாடிக்கு 1 மீ. என்று வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், நிலையான ஓட்டம் வினாடிக்குச் சுமார் 9 செ.மீ. வரும். நாளுக்கு ஏறக்குறைய 8 கி.மீ. தண்ணீர் நகர்ந்துவிடும். ஓர் எல்லையில் தாய் மாடலின் நீர்மட்டம், மற்றதில் உள்ளூர் ஆதாரமட்டத்திலிருந்து எடுத்த நீர்மட்டம் என்று கலந்தால் 10 செ.மீ. பிசகு சர்வசாதாரணம். இரண்டு எல்லைகளுக்கும் ஒரே தாய் மாடல், ஒரே ஆதாரமட்டம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அதற்காகச் சராசரிச் சாய்வைப் பூஜ்யமாக்கிவிடவும் வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்சீனக் கடல் பக்கம் மட்டம் உயர்ந்து, நீர் மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போவது உண்மையான இயல்பு.

அறிகுறி: டிசம்பரில் மாடலின் கடல்மட்டம் மட்டும் தாழ்வாக இருக்கிறது

ஓதம் கச்சிதம், பருவக்காற்று வலுக்கும் நாட்களில் மட்டும் பல சென்டிமீட்டர் குறைவு. எல்லையில் ஓதத்தை மட்டும் கொடுத்திருப்பீர்கள். தென்சீனக் கடல் முழுவதிலும் வீசும் காற்று குவித்த நீர், சிறிய மாடலுக்குள் வீசும் காற்றால் உண்டாகாது. கிழக்கு எல்லை வழியாகத்தான் அது வர வேண்டும். தாய் மாடலின் நீர்மட்டத்தை ஓதத்தோடு கூட்டுங்கள். ரோம்ஸில் இப்படிக் கூட்டுவதற்குத் தனி ஆப்ஷன் உண்டு, அதை இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கூட்டும்போது இரண்டு பொறிகள். முதலாவது, தாய் மாடலிலேயே ஓதம் இருந்தால் இரண்டு மடங்காகிவிடும். சில தயாரிப்புகளில் ஓதம் உண்டு, சிலவற்றில் இல்லை, கையேட்டைப் படியுங்கள். துறைமுகப் பதிவிலிருந்து பிரித்தெடுத்த ஆண்டுக் கூறு ஒன்றையும் ஓதப் பட்டியலில் சேர்த்திருந்தால், பருவக்காற்றின் ஏற்றத்தாழ்வு ஓதத்திலும் தாய் மாடலிலுமாக இருமுறை வந்துவிடும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஓதமுள்ள தாய் மாடலிலிருந்து நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் எடுத்த கணநேர மதிப்புகளைப் பயன்படுத்தினால், எம்2 14.77 நாள் அலைவாக வேடம் மாறும். கே1 என்ன ஆகும் தெரியுமா? சரியாக ஒரு வருட அலைவு. கே1 பெரிதாக உள்ள நம் கடலில் அது அப்படியே பருவக்காற்றின் ஏற்றத்தாழ்வு போலவே தெரியும். படத்தைப் பார்த்து எல்லோரும் தலையாட்டுவார்கள், அது முழுப் பொய். மணிக்கு மணி தரவை எடுத்து ஓதத்தை வடிகட்டிய பிறகே நாள் சராசரி எடுங்கள்.

அறிகுறி: மாடலுக்குள் நீரின் மொத்த அளவு மாறாமல் இருக்கிறது, ஓதம் எழும்பவில்லை

ரோம்ஸில் கனஅளவைக் காக்கும் ஆப்ஷன் இயங்குகிறது. ஓதம் ஏறும்போது உள்ளே நீர் கூடத்தான் வேண்டும். அணைத்துவிடுங்கள்.

அறிகுறி: எல்லையை ஒட்டிக் கோடு போட்டது போல ஓர் ஓட்டம், சில வாரத்தில் வளர்கிறது

உள்ளேயிருக்கும் கடலும் வெளித் தரவும் ஒன்றையொன்று மறுக்கின்றன. எல்லையை ஒட்டிச் சில கட்டங்களில் பாகுநிலையைக் கூட்டும் உறிஞ்சு பட்டையும், தாய் மாடலை நோக்கி மெதுவாக இழுக்கும் பட்டையும் போடுங்கள். நீர் உள்ளே வரும்போது ஒரு நாள் அளவிலும், வெளியேறும்போது பல மாத அளவிலும் இழுக்கலாம். ஓதம் ஏற்கெனவே சரியாக இருந்து, பட்டை போட்ட பின் வீச்சு குறைந்தால் பட்டை மிகக் கனம்.

அறிகுறி: எல்லையில் உப்பு ஓதத்துக்கு ஓதம் வெட்டி வெட்டித் தெரிகிறது

ஓட்டம் திரும்பும் நொடியில், இப்போதுதான் வெளியேறிய நம் நீருக்குப் பதில் தாய் மாடலின் நீர் சட்டென்று உள்ளே வருகிறது. டெல்ஃப்ட்3டியில் இதற்கென்றே தாட்சர்-ஹார்லமன் காலத் தாமதம் உண்டு. ஓட்டம் திரும்பிய பிறகு எல்லை உப்பு எத்தனை நிமிடத்தில் வெளி மதிப்பை எட்ட வேண்டும் என்று அதில் எழுதலாம். ரோம்ஸில் உள்வரும் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

அறிகுறி: ஜொகூர் நீரிணையில் மட்டும் எல்லாம் தப்பு

இது பெரும்பாலும் எல்லைக் கோளாறே இல்லை. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும், 1924இல் திறந்த காஸ்வே நீரிணையைக் குறுக்கே அடைத்து நிற்கிறது. கிழக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் தனித்தனி முட்டுச்சந்துகள். நுணுக்கம் குறைந்த ஆழத் தரவில் காஸ்வே காணாமல் போய், மாடலில் நீர் உட்லண்ட்ஸைத் தாண்டி ஓடும். கட்ட வலையில் அந்தக் கோட்டைக் கையால் அடைத்துவிடுங்கள். அதன் பிறகும் செம்பவாங்கில் வீச்சு பொருந்தவில்லை என்றால் வாய்க்காலின் அகலத்தில் எத்தனை கட்டம் விழுகிறது என்று எண்ணுங்கள்.

எதிலும் அடங்காத அறிகுறி

எல்லைக் கோடு தவறான இடத்தில் இருக்கலாம். தீவுக்கூட்டத்தின் நடுவே, நீரிணையின் கழுத்தில், ஓட்டத்துக்குச் சாய்வாகப் போகும் கோடு எந்த நிபந்தனை போட்டாலும் தொல்லைதான். ஆழமற்ற இடத்தில் உலக ஓத மாடல்களின் துல்லியமும் குறையும், ஓதம் அங்கே உண்டாக்கும் குறுகிய காலக் கூறுகளும் தரவில் முழுதாக இருக்காது. மேற்கு எல்லையை மலாக்கா நீரிணையில் நன்றாக மேலே தள்ளி, கிழக்கு எல்லையைத் தென்சீனக் கடலின் திறந்த பகுதிக்குக் கொண்டுபோங்கள். தெற்கே தீவுகளுக்கிடையே கோடு போட நேர்ந்தால், அங்கே மட்டும் ஒரு பெரிய, நுணுக்கம் குறைந்த இடை மாடலை ஓட்டி அதன் வெளியீட்டைத் தரவாக்குங்கள்.

கோடு போதுமான தூரத்தில் இருக்கிறதா என்று அறிய, வேறு எதையும் தொடாமல் கோட்டை மட்டும் 20 கி.மீ. வெளியே நகர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். உங்களுக்குத் தேவையான இடத்தில், உதாரணமாக ஜூரோங் தீவின் தெற்கே, கே1 ஓட்டம் மாறினால் இன்னும் நகர்த்துங்கள். மாறாத தூரம் வந்ததும் உராய்வுக் கெழுவைத் தொடலாம்.